கெரியர் கவுன்சலர் எப்படி வளர்வது, எப்படித் தலைமை ஏற்பது?

கேள்வி சுருக்கமாக இது: "எம்.எஸ்சி. உளவியல் முடித்து நான்கு ஆண்டுகளாக ஒரு மாவட்டத் தலைநகரில் கெரியர் கவுன்சலராக இருக்கிறேன். இரண்டு பள்ளிகளில் வேலை, வார இறுதியில் தனியாகவும் மாணவர்களைப் பார்க்கிறேன். அடுத்து என்ன சான்றிதழ் படிப்பது? இந்தத் துறையில் தலைமைப் பொறுப்புக்கு எப்படி வருவது? அதற்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் ஆக வேண்டுமா?"

சான்றிதழைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் நான் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. முதல் ஆண்டில் உங்களிடம் வந்த பிளஸ் டூ மாணவர்கள் இப்போது கல்லூரியில் கடைசி ஆண்டில் இருப்பார்கள், அல்லது படிப்பை முடித்திருப்பார்கள். அவர்களில் யார் யார் நீங்கள் சொன்ன படிப்பில் சேர்ந்தார்கள், யார் சேர்ந்துவிட்டுப் பாதியில் நின்றார்கள், யார் நீங்கள் நினைத்தே பார்க்காத ஒன்றில் சேர்ந்து நன்றாக இருக்கிறார்கள் என்று தெரியுமா? பெரும்பாலான கவுன்சலர்களுக்குத் தெரியாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வேலையின் அமைப்பே அப்படி இருக்கிறது. மருந்தில் குணமாகாத நோயாளி மருத்துவரிடம் திரும்பி வந்துவிடுவார். நம்மிடம் வந்த பிள்ளை கல்லூரிக்குப் போனால் போனதுதான். நாம் சொன்னது பலித்ததா இல்லையா என்று தெரிவதற்குள் அடுத்த ரிசல்ட் வந்து, அடுத்த வரிசை வாசலில் நிற்கும்.

இந்த இடைவெளியை அடைக்காமல் எத்தனை பயிற்சி எடுத்தாலும் கவுன்சலர் பெரிதாக வளர்வதில்லை என்பது என் உறுதியான எண்ணம். பத்து வருட அனுபவம் என்று சொல்கிறோம். விளைவு தெரியாமல் செய்த பத்து வருட வேலை, ஒரே வருடத்தைப் பத்துத் தடவை செய்ததாகவே முடியும். உங்கள் வளர்ச்சிக்கு முதல் படியும், பிறகு நீங்கள் தலைமை ஏற்பதற்கான அடித்தளமும் இங்கேதான் இருக்கின்றன: சொன்ன ஆலோசனையைப் பின்தொடர்வது, அதை மற்றவர்கள் முன் வைத்துப் பேசுவது.

பின்தொடர்வது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவது இதைத்தான். ஒவ்வொரு மாணவருக்கும் அரைப் பக்கம் போதும். என்ன கேட்டு வந்தார் என்பதை அவருடைய வார்த்தையிலேயே எழுதுங்கள். வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்பது அடுத்தது. அப்பா என்று நினைத்திருப்போம், உண்மையில் பணம் கட்டப்போவது தாய்மாமாவாக இருக்கும். நீங்கள் என்ன சொன்னீர்கள், எதை வைத்துச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். கடைசியாக, எது தெரியாமலேயே சொன்னீர்கள் என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் விலைமதிப்புள்ளது. "இந்தக் கல்லூரியில் விடுதி எப்படி என்று தெரியாது", "கணக்கு பிடிக்கும் என்றாள், ஆனால் பிளஸ் ஒன் மார்க்கைப் பார்க்கவில்லை" என்று எழுதி வைத்தால், ஒரு வருடத்தில் உங்கள் பலவீனம் எங்கே இருக்கிறது என்று உங்கள் நோட்டே சொல்லிவிடும்.

அப்புறம் போன். மூன்று முறை. சேர்க்கை முடிந்ததும் ஒரு முறை, முதல் செமஸ்டர் முடிவு வந்ததும் ஒரு முறை, முதல் ஆண்டு முடிந்ததும் ஒரு முறை. இதில் இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். பள்ளி வரை தமிழ் வழியில் படித்த பிள்ளை பொறியியல் வகுப்பில் ஆங்கிலத்தில் பாடம் கேட்டுத் தடுமாறுவதும், முதல் அரியர் விழுவதும், "எனக்கு இது சரிவராது" என்று வீட்டில் சொல்லத் தயங்கி மூலையில் உட்காருவதும் அந்த மாதங்களில்தான். அந்த நேரத்தில் வரும் ஐந்து நிமிட போன் அந்தப் பிள்ளைக்குப் பெரிய ஆதரவு. உங்களுக்கோ எந்தப் பயிலரங்கிலும் கிடைக்காத பாடம். பெற்றோரிடமும் மாணவரிடமும் முதல் சந்திப்பிலேயே, "பிறகு நான் கூப்பிடுவேன், பரவாயில்லையா?" என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்பவர்கள் மிகக் குறைவு. வேண்டாம் என்றால் கூப்பிடாதீர்கள்.

அடுத்தது கேஸ் கூட்டம். மனநல ஆலோசனைத் துறையில் மூத்தவர் ஒருவர் முன் கேஸை வைத்துப் பேசுவது வேலையின் ஒரு பகுதி. நம் துறையில் அந்தப் பழக்கம் இன்னும் வேர்விடவில்லை. இரண்டு கவுன்சலர்கள் சந்தித்தால் எந்தக் கல்லூரியில் எவ்வளவு கட்டணம் என்றுதான் பேச்சு போகும். உங்கள் ஊரில் நான்கைந்து பேர் போதும்: இன்னொரு கவுன்சலர், அரசுப் பள்ளியில் வழிகாட்டிப் பொறுப்பு பார்க்கும் ஆசிரியர் ஒருவர், கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவில் இருப்பவர் ஒருவர், முடிந்தால் ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் பயிற்றுநர் ஒருவர். மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், ஒருவருடைய ஒரு கேஸ். பெயர், பள்ளி, ஊர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

அப்படி ஒரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். இளம் கவுன்சலர் ஒருவர் காமர்ஸ் குரூப் மாணவனின் கேஸை வைத்தார். ஆர்வத் தேர்வில் மனிதர்களோடு பழகும் வேலைகளில் அவனுக்கு நாட்டம் அதிகம் என்று வந்திருந்தது. பேசிப் பார்த்ததிலும் அதுவே உறுதியானது. பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளநிலைப் பட்டம்) படிக்கலாம் என்று கவுன்சலர் சொல்லியிருந்தார், பையனும் சந்தோஷமாகத் தலையாட்டியிருந்தான். ஆனால் அவன் சேர்ந்தது உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். "பெற்றோரின் அழுத்தம்" என்று கவுன்சலர் முடித்தார். அறிக்கை நன்றாக இருந்தது, தேர்வின் வரைபடம்கூட ஒட்டியிருந்தது.

அப்போது அங்கிருந்த அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், "சார், அந்த பி.எஸ்.டபிள்யூ. கல்லூரிக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவரே சொன்னார்: காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால்தான் வகுப்புக்குப் போய்ச் சேர முடியும், திரும்பி வர இரவாகிவிடும். அந்தப் பக்கத்துப் பையன்கள் பலர் மாலையில் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறார்கள், அந்தக் காசு வீட்டுக்குத் தேவை. உள்ளூர்க் கல்லூரியில் படித்தால் அந்த வேலை நிற்காது. கவுன்சலர் அன்றே மாணவனோடு பேசினார். ஆசிரியை சொன்னது அப்படியே சரியாக இருந்தது. பெற்றோர் ஒரு வார்த்தைகூட அழுத்தம் கொடுக்கவில்லை, பையன் தானாகவே எடுத்த முடிவு. அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான ஆலோசனை: பி.காம். படித்துக்கொண்டே கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்வது, முடித்தபின் சமூகப்பணி முதுநிலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு விண்ணப்பிப்பது. எந்தப் பட்டதாரியும் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கலாம் என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்த ஆசிரியையிடம் உளவியல் பட்டம் கிடையாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் அன்று தலைமை அவருடையது. நீங்கள் கேட்ட தலைமை என்னவென்று யோசிக்கும்போது இந்தக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பதவிப்பெயர் பின்னால் வரும். மற்றவர்களின் வேலை உங்களால் கூர்மையாகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

இந்தத் துறையின் தொடக்கத்தையும் ஒரு முறை திரும்பிப் பார்ப்பது நல்லது. 1908ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் தேர்வுக்கென்று ஓர் ஆலோசனை நிலையத்தை ஆரம்பித்தார். அவரைத் தேடி வந்தவர்களில் பலர் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள், புலம்பெயர்ந்து வந்தவர்கள். தன்னை அறிவது, வேலை உலகை அறிவது, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது என்று அவர் வகுத்த மூன்று படிகளைத்தான் இன்றும் பெரும்பாலான ஆர்வத் தேர்வுகள் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன. அதே ஆண்டிலேயே அவர் இறந்துவிட்டார், இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1909ல்தான் வெளிவந்தது. பிறகு வந்த ஆய்வாளர்கள் அந்த மூன்று படிகள் போதாது என்று காட்டினார்கள். டொனால்ட் சூப்பர் வாழ்நாள் முழுக்க நீளும் வளர்ச்சியைப் பற்றிப் பேசினார். லிண்டா காட்ஃபிரெட்சன் 1981ல், பிள்ளைகள் தங்கள் பாலினத்துக்கும் வர்க்கத்துக்கும் பொருந்தாதவை என்று தோன்றும் தொழில்களைச் சிறு வயதிலேயே மனத்திலிருந்து நீக்கிவிடுகிறார்கள் என்று விளக்கினார். கிராமத்துப் பெண் பிள்ளையிடம் பேசும்போது காட்ஃபிரெட்சன் சொன்னதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். அவள் "விருப்பம்" என்று சொல்வது, ஏற்கனவே பாதிக் கதவுகள் மூடப்பட்ட பிறகு மிஞ்சியது.

இந்தியாவில் இதை ஆழமாக எடுத்துச் சென்றவர்களில் முக்கியமானவர் பெங்களூரு 'தி பிராமிஸ் ஃபவுண்டேஷன்' அமைப்பைச் சேர்ந்த கிடியன் அருள்மணி. மேற்கத்திய முறையில் தனி மனிதரின் விருப்பத்தை மட்டும் அளந்தால் இங்கே போதாது, குடும்பமும் சமூகமும் வேலையைப் பற்றி என்ன நம்புகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய அணுகுமுறை. 'ஜீவா' என்ற பெயரில் அவர்கள் உருவாக்கிய திட்டத்தின் அடிப்படையும் இதுதான். எழுத்துகளைத் தேடிப் படியுங்கள். உங்கள் கேஸ் கூட்டத்தில் மாதம் ஒரு கட்டுரை எடுத்துப் பேசலாம். படிப்பு தனியாக, வேலை தனியாக இருந்தால் இரண்டுமே காய்ந்துபோகும்.

சரி, சான்றிதழ். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தியாவில் கெரியர் கவுன்சலராகத் தொழில் செய்ய மருத்துவருக்கோ வழக்கறிஞருக்கோ இருப்பதுபோன்ற சட்டப்படியான உரிமம் கிடையாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு மருத்துவ உளவியலாளர் போன்றவர்களுக்கானது. ஆகவே, "இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட கவுன்சலர்" என்று எந்த நிறுவனம் விளம்பரம் செய்தாலும் அந்த வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

படிக்கத் தகுந்தவை இருக்கின்றன. என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டல் மற்றும் ஆலோசனை டிப்ளமோ ஓராண்டுப் படிப்பு. தொலைநிலையில் ஒரு பகுதி, நேரில் ஒரு பகுதி, கடைசியில் உங்கள் ஊரிலேயே களப்பயிற்சி என்று அமைந்திருக்கிறது. தென்னிந்தியர்களுக்கு அதன் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் பக்கம். பள்ளியில் வேலை செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதையே. சர்வதேசப் பள்ளிகளிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், கல்வி மற்றும் தொழில் வழிகாட்டலுக்கான சர்வதேசச் சங்கம் வெளியிட்டிருக்கும் திறன் வரையறைகளைப் பாருங்கள். அந்தச் சங்கம் 1951ல் தொடங்கியது. சான்றிதழ் வாங்குகிறீர்களோ இல்லையோ, அந்த வரையறைப் பட்டியலை அச்சிட்டு உங்களை நீங்களே மதிப்பிட்டுப் பார்க்கலாம். உங்களிடம் ஏற்கனவே எம்.எஸ்சி. இருப்பதால் இன்னொரு கோட்பாட்டுப் படிப்பு பெரிய பலன் தராது. எந்தப் படிப்பைப் பற்றி விசாரித்தாலும் இதைக் கேளுங்கள்: "நான் மாணவரோடு பேசுவதை யாராவது நேரில் பார்த்தோ பதிவைக் கேட்டோ கருத்துச் சொல்வார்களா? என் கேஸ் எழுத்தை யார் படிப்பார்கள்?" இதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் வேண்டாம்.

உளவியல் பக்கம் நீங்கள் பலமாக இருப்பீர்கள். உளவியல் படித்து வந்தவர்கள் தடுமாறும் இடம், பார்சன்ஸ் சொன்ன இரண்டாவது படி: வேலை உலகமும் அதற்குப் போகும் பாதைகளும். நம் மாநிலத்தில் இந்தப் பாதைகள் அடிக்கடி மாறுகின்றன, ஒவ்வொரு மாற்றமும் ஒரு குடும்பத்தின் கணக்கையே மாற்றிவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது. 2021ல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்கல்விப் படிப்புகளுக்கும் விரிந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் 2022 செப்டம்பரிலிருந்தும், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கு அதே தொகை 2024 ஆகஸ்டிலிருந்தும் கிடைக்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை தனி. இவை எல்லாம் யாருக்குப் பொருந்தும், எந்தச் சான்றிதழை எந்த மாதத்துக்குள் தாலுகா அலுவலகத்தில் வாங்க வேண்டும் என்பது உங்கள் விரல் நுனியில் இருக்க வேண்டும். ஆர்வத் தேர்வின் முடிவை அழகாக விளக்கிவிட்டு, முதல் பட்டதாரிச் சான்றிதழை நேரத்தில் வாங்கச் சொல்லாமல் விட்டால் அந்த ஆலோசனை அரைகுறைதான்.

கல்லூரிகளைப் பற்றியும் கேள்வி ஞானத்தில் பேசாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, அதைப் பார்க்கப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுங்கள். செவிலியர் படிப்பென்றால் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம், மருந்தியல் என்றால் பார்மசி கவுன்சில் அங்கீகாரம், பொறியியல் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. வெளியிடுகிறது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வேலை இடத்துக்கு நேரில் போங்கள்: ஒரு ஃபவுண்டரி, ஒரு ஆஸ்பத்திரி லேப், ஒரு தோல் தொழிற்சாலை, ஒரு கணக்குத் தணிக்கையாளர் அலுவலகம். அங்கே புதிதாகச் சேர்ந்தவர் ஒருவரிடம் முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், எதற்காக ஆட்கள் வேலையை விடுகிறார்கள் என்று கேளுங்கள். இணையத்தில் கிடைக்கும் "டாப் டென் கோர்ஸ்" பட்டியல்களில் இந்தத் தகவல் கிடைக்காது.

தேர்வுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில், பெருநகர மாணவர்களை வைத்துத் தரப்படுத்திய தேர்வைத் தமிழ் வழி மாணவரிடம் கொடுத்தால் அது அவருடைய ஆங்கிலத்தை அளக்கும், ஆர்வத்தை அளக்காது. தேர்வின் கையேட்டில் யாரை வைத்துத் தரப்படுத்தினார்கள் என்று இருக்கும், அதைப் படிக்காமல் எந்தத் தேர்வையும் கையில் எடுக்காதீர்கள். கைரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் அறிவுத்திறனையும் தொழிலையும் சொல்கிறோம் என்று பள்ளிகளுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. உங்கள் பள்ளித் தாளாளர் அதில் ஆசைப்பட்டால், மரியாதையாக ஆனால் எழுத்தில் உங்கள் மறுப்பைக் கொடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் யாராவது கேட்டால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் இதைச் சொல்லும் முதல் ஆள் நீங்களாக இருந்தால், தலைமை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

இதைவிடக் கடினமானது கமிஷன் விஷயம். ஒரு மாணவரைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு என்று தனியார் கல்லூரிகளின் ஆட்கள் கவுன்சலர்களைத் தேடி வருவது ஊரறிந்தது. நான்கு வருடத்தில் உங்களிடமும் வந்திருப்பார்கள். இதில் என் நிலைப்பாட்டில் நெகிழ்வே இல்லை: ஒரு ரூபாய் வாங்கினாலும் நீங்கள் ஆலோசகர் இல்லை, ஏஜென்ட். ஏஜென்டாக இருப்பது ஒரு தொழில், அதை வெளிப்படையாகச் செய்பவர்கள் செய்யட்டும். ஆனால் ஒரு தகப்பன் நிலத்தை அடகு வைத்துவிட்டு உங்கள் முன் வந்து உட்காரும்போது, நீங்கள் அவர் பக்கம் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் வாய் திறக்கிறார். அந்த நம்பிக்கையை இரண்டு பக்கமும் விற்க முடியாது. உங்கள் அறையில் ஒரு பலகை மாட்டுங்கள்: "எந்தக் கல்லூரியிடமிருந்தும் பயிற்சி மையத்திடமிருந்தும் பணமோ பரிசோ பெறுவதில்லை. ஆலோசனைக் கட்டணம் இவ்வளவு." கட்டணத்தைத் தயங்காமல் வாங்குங்கள், கட்ட முடியாதவர்களுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளிப்படையான கட்டணம் இல்லாத இடத்தில்தான் மறைமுகமான கமிஷன் நுழைகிறது. கேஸ் கூட்டத்தில் சேர்பவர்கள் எல்லோரும் இதே உறுதியை எழுத்தில் தர வேண்டும் என்று முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். சிலர் வரமாட்டார்கள். வராதவர்கள் வராமலேயே இருக்கட்டும்.

தலைமை என்று நீங்கள் கேட்டதில் எனக்கு அதிக ஆசை இருப்பது ஆசிரியர் பயிற்சியில்தான். தமிழ்நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் கெரியர் கவுன்சலரைப் பார்ப்பதே இல்லை. அவர்கள் பார்ப்பது தாவரவியல் ஆசிரியரை, பொருளியல் ஆசிரியரை. நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய பிறகு அரசுப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டல் ஒரு முறையான வேலையாகிவிட்டது. கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும், கல்லூரியில் சேராமல் விடுபட்டவர்களைத் தேடிப் பிடிக்கும் உயர்வுக்குப் படி முகாம்களும் நடக்கின்றன. ஆனால் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட ஆசிரியருக்குத் தன் பாட வேலை, தேர்வு வேலை, எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் பதிவு எல்லாவற்றுக்கும் மேல் இதுவும் சேர்ந்திருக்கிறது. அவருக்குத் தகவல் வந்து சேர்கிறது, கையேடு வந்து சேர்கிறது. அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று பழகிப் பார்க்க வாய்ப்பு கிடைப்பதில்லை.

அதை உங்களால் கொடுக்க முடியும். பள்ளித் தலைமையாசிரியர் மூலமோ வட்டார வள மையம் மூலமோ போய்க் கேளுங்கள். பெரிய திட்ட அறிக்கையோடு போகாதீர்கள், ஒரு மதியம் கேளுங்கள். அந்த மதியத்தில் பவர்பாயிண்ட் வேண்டாம். ஆசிரியர்களை இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் மாணவராகவும் ஒருவர் வழிகாட்டியாகவும் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். "உனக்கு இது எல்லாம் வராதும்மா" என்ற வாக்கியம் எத்தனை எளிதாக நம் வாயில் வருகிறது என்பதை அவர்களே கவனிப்பார்கள். "உங்க வீட்ல என்ன சொல்றாங்க?" என்று கேட்டுவிட்டு அமைதியாகக் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் புரியும். ஆசிரியர்களுக்கு அறிவுரை சொல்லப் போகிறோம் என்ற எண்ணத்தோடு மட்டும் போகாதீர்கள். அந்தப் பிள்ளைகளின் குடும்பம், தெரு, பஸ் நேரம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. கொடுத்து வாங்கும் பயிற்சியாக அது இருந்தால் அடுத்த முறை அவர்களே கூப்பிடுவார்கள்.

பயிற்சியில் கட்டாயம் சேர்க்க வேண்டிய ஒன்று, ரிசல்ட் வாரம். பிளஸ் டூ ரிசல்ட்டும் நீட் முடிவும் வரும் நாட்களில் நம் முன் உட்காரும் பிள்ளைக்கு எந்தக் கோர்ஸ் என்பது அந்த நேரத்தில் கேள்வியே இல்லாமல் இருக்கலாம். தூக்கம், சாப்பாடு, "நான் இருந்து என்ன பயன்" மாதிரியான பேச்சு, எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்கப் பழக வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். பிள்ளையைத் தனியே விடாமல் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். எந்த இடத்தில் நம் வேலை முடிந்து மருத்துவரின் வேலை ஆரம்பிக்கிறது என்று தெரிந்தவர்களை உங்கள் வட்டாரத்தில் நீங்கள் உருவாக்கினால், அதற்கு மேல் பெரிய பங்களிப்பு எனக்குத் தெரியவில்லை.

நாளைக்கு உங்களுக்குக் கீழே இரண்டு மூன்று கவுன்சலர்கள் வேலைக்கு வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். மே, ஜூன், ஜூலையில் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கலாம் என்று வரம்பு வையுங்கள். வரிசை நீளமாக இருக்கிறது என்பதற்காகப் பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை முடிவு செய்யச் சொல்லி அவர்களைத் தள்ளாதீர்கள். செல்வாக்குள்ள பெற்றோர் வந்து, "என் பையன் டாக்டருக்குத்தான் படிக்கணும், நீங்க அப்படியே எழுதிக் கொடுங்க" என்று சத்தம் போட்டால் இளையவரை முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் பின்னால் நிற்காதீர்கள். அவர்களுடைய ஒரு சந்திப்பிலாவது மாதந்தோறும் உடன் உட்காருங்கள், பிறகு என்ன கேட்டீர்கள், என்ன கேட்காமல் விட்டீர்கள் என்று பேசுங்கள். அவர்களையும் உங்கள் சந்திப்பில் உட்கார வையுங்கள்.

பதவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக் குழுமங்களில் ஆலோசனைத் துறைத் தலைவர், கல்லூரிகளில் வேலைவாய்ப்பு மற்றும் வழிகாட்டல் பிரிவுப் பொறுப்பு, தொண்டு நிறுவனங்களில் திட்டத் தலைமை, பயிற்சியாளர் என்று வாய்ப்புகள் உண்டு. நேர்காணலில் பலரும் கருத்தரங்குச் சான்றிதழ்களை அடுக்குவார்கள். நீங்கள் மூன்று ஆண்டுகளின் பின்தொடர்தல் பதிவைக் கொண்டு போங்கள்: எத்தனை பேரைப் பார்த்தேன், எத்தனை பேரை மறுபடி தொடர்புகொள்ள முடிந்தது, எத்தனை பேர் படிப்பில் நிலைத்தார்கள், எதைப் பார்த்து என் முறையை மாற்றினேன் என்று. அப்படி ஒரு தாளை மேசையில் வைக்கும் விண்ணப்பதாரர்கள் மிக அரிது.

கடைசிக் கேள்வி, சென்னையா பெங்களூரா என்பது. வெளிநாட்டுப் படிப்புக்கான ஆலோசனையில் போக விருப்பம் இருந்தால் போகலாம். அந்த வாடிக்கையாளர்களும் அந்தச் சம்பளமும் அங்கேதான். அதற்கில்லை என்றால் உங்கள் ஊரிலேயே இருங்கள். மாவட்டத் தலைநகரில் எம்.எஸ்சி. உளவியல் படித்து, கமிஷன் வாங்காமல், மாணவரைப் பின்தொடரும் கவுன்சலர் ஒருவர் இருந்தால் சுற்றியுள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் அவர் தேவைப்படுவார். வருமானம் முதல் இரண்டு ஆண்டுகள் மெதுவாகத்தான் ஏறும், அதற்குப் பள்ளி வேலையை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் கூட்டத்தை மே மாதத்தில் ஆரம்பிக்க முயலாதீர்கள், யாரும் வர முடியாது. சேர்க்கை அலை அடங்கி, ஆசிரியர்களுக்குக் காலாண்டுத் தேர்வு நெருக்கடி தொடங்குவதற்கு முன் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேஸ் உங்களுடையதாக இருக்கட்டும், அதிலும் உங்களுக்கு இன்னும் பதில் கிடைக்காத ஒன்றாகப் பார்த்து எடுங்கள்.